வண்டி வில்லும் மலைப்பாதையும்

பண்டாரவளைவாழ் பழைய மாணவர் ஒருவர்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு மலராசிரியர் விடுத்த அன்பு மடல் கிட்டியபோது, மகிழ்ச்சியும் மலைப்பும் எமக்கு ஒருங்கே உண்டாயின. ஐம்பது ஆண்டுகளாக மலைநாட்டிலே ஒதுங்கி வாழும் எம்மைக் கல்லூரித் தாய் இன்னும் மறந்தாளில்லை என்பது மகிழ்ச்சிக்குக் காரணம். எழுதற்குரிய பொருள் யாது என்பது மலைப்புக்குக் காரணம். அதிபர்களின் அருங்குணங்களையும், துடுப்பாட்டக் களத்து வெற்றிகளையும், விடுதிச் சாலையின் வெள்ளிக்கிழமைப் பூசையையும் பற்றி எம்மினும் நன்கறிந்த அன்பர் பலர் இம்மலரிலே எழுதியிருப்பர். யாம் கூறப் புகுவதோ, ஒரு சிறிய காருக்குச் சுருள்வில் தெரிந்தெடுத்த கதை. இஃது ஒரு விழா மலருக்கு ஏற்ற பொருளாகுமா என ஐயுறுவோர் சிறிது பொறுத்தருள்க. கதை கல்லூரியிலே தொடங்கிக் கல்லூரியிலேயே முடிகின்றது.

பௌதிக ஆய்வுகூடத்திலே, சன்னலோர மேசையின்மீது, மரத் தாங்கி ஒன்றிலே தொங்கிய சுருள்வில்லை எம் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார். அதன் நுனியிலே நிறைப்படிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, வில் எவ்வளவு நீள்கின்றது என்பதைக் கொப்பியிலே குறித்து வரைபு கீறுவது எமக்கு இடப்பட்ட முதற் பரிசோதனை. 50 கிராமுக்கு எவ்வளவு நீளுமோ, 100 கிராமுக்கு அதன் இருமடங்கு நீளும். இவ்வுண்மையைக் கண்ட ஆங்கில அறிஞர் ரொபேட் ஊக், 1676இலே அதனை எழுத்துக்களைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, 1678இலேதான் விடையை அவிழ்த்தார் என்று எமது ஆசிரியர் கதைபோலச் சொல்லுவார். அவர் ஒருநாள் வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சிய நிறையை அவ்வில்லிலே தொங்கவிட்டார். நிறையை எடுத்த பின்னரும் வில் பழைய நீளத்துக்கு மீளவில்லை. "இனி இந்த வில் பொய்தான் சொல்லும்" என்று கூறி, அதனைக் கழற்றிக் குப்பைக் கூடையிலே இட்டார். "முதலில் அள, பிறகு பேசு" என்பது அவர் எமக்கு ஓயாது புகட்டிய மந்திரம். இதனை யாம் முப்பது ஆண்டுகள் எம் மாணவர்க்கும் ஓதினோம். ஆனால் எம் வீட்டு முற்றத்திலே அதனை ஓத மறந்த ஒருநாள் உண்டு.

நிற்க. யாம் வாழும் பண்டாரவளை, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலே அமைந்த ஊர். எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும் ஏற்றமும் இறக்கமுமே எம்மை எதிர்கொள்ளும். ஒருபுறம் அப்புத்தளைக்கு ஏறிப் பெரகலைக்கு இறங்கும் வீதி. மறுபுறம் ஹாலி எல வழியாக 700 மீற்றருக்கும் தாழ்ந்த பதுளைக்கு இறங்கும் வீதி. இன்னொருபுறம் எல்ல இடுக்கின் ஊடாக இராவணன் நீர்வீழ்ச்சியைத் தொட்டுக்கொண்டு வெல்லவாயச் சமவெளிக்கு வீழும் வீதி. 1924இலே பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, தெமோதரையிலே தன்னையே சுற்றித் தன் கீழே தான் நுழைந்து உயரத்தைக் கடக்கின்றது. வீதிக்கு அந்த வசதி இல்லை. அது வளைந்து வளைந்தே இறங்கல் வேண்டும். பெருவீதிகளின் நிலை இதுவாயின், தோட்டத்துப் பாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஸ்டோர் வரையிலே தாரிட்ட பாதை செல்லும். அதற்கப்பால் மேற்கணக்கு லயங்களுக்குப் போகும் வழியெல்லாம் கல் பாவியது. மழைக்காலத்திலே அந்தக் கல்லும் பெயர்ந்துவிடும்.

இத்தகைய ஊரிலே எம்மோடு வாழ்பவன் எம் இளைய தங்கையின் மகன். நகரத்து வங்கி ஒன்றிலே பணிபுரிகின்றான். 1990ஆம் ஆண்டையொட்டி யப்பானிலே செய்யப்பட்ட ரொயோட்டா ஸ்டார்லட் கார் ஒன்றை 2023இலே வாங்கினான். தன்னைவிட வயது மூத்த காரை ஒரு வாலிபன் ஏன் வாங்கினான் என வெளிநாட்டிலிருக்கும் அன்பர்கள் வினவலாம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச் மாதத்திலே இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே பழைய வண்டிகளே பொன்போலப் போற்றப்பட்டன. ஏறக்குறைய 800 கிலோகிராம் மட்டுமே நிறையுள்ள அந்தச் சிறு கார் மலையேற்றத்துக்கு இசைந்தது. ஓட்டப்பந்தயப் பிரியர்களுக்கும் அதன்மீது தனிக் காதல் உண்டு.

எம் மருமகனும் அவ்வினத்தவனே. மலைநாட்டு வாலிபருக்கு இந்தப் பித்து புதியதன்று. நுவரெலியாவிலே மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இலே தொடங்கியது. சித்திரை மாதம் வந்தால் அதனைக் காணக் கூட்டம் திரளும். எமக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையிலே பொக்ஸ் ஹில் போட்டிக்கும் ஊரே பெயர்ந்துபோகும். அங்கே ஓடும் வண்டிகள் நிலத்தோடு ஒட்டினாற்போலத் தாழ்ந்திருப்பதைக் கண்டு, தன் வண்டியும் அவ்வாறு பதிந்து நிற்றல் வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, அயலூர்க் கராஜ் ஒன்றிலே காரை விட்டு, நான்கு வில்களிலும் ஒன்றரைச் சுற்றுக் கிரைண்டரால் அறுத்தெறியச் செய்து, 50 மில்லிமீற்றர் தாழ்ந்த வண்டியோடு வீடு வந்து சேர்ந்தான். "எப்படி மாமா?" என்று கேட்டான்.

யாம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். அறுத்த வில் என்ன ஆகும் என்பது எமக்குத் தெரியும். சுற்று குறையக் குறைய வில் கடினமாகும். ஆறு சுற்றிலே ஒன்றரை போனால் அதன் வலிமை மூன்றிலொரு பங்கு கூடும். அறுத்த நுனி தன் இருக்கையிலே செவ்வனே பொருந்தாது. அறுக்கும்போது எழும் சூடு உருக்கின் பதத்தையும் கெடுக்கும். இவ்வளவும் அறிந்திருந்தும், பிள்ளையின் முகத்திலிருந்த மலர்ச்சியைக் கெடுக்க மனமின்றி, "அழகாய்த்தான் இருக்கிறது தம்பி" என்றோம். அளக்கவுமில்லை, பேசவேண்டியதைப் பேசவுமில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி பொக்ஸ் ஹில்லிலே நிகழ்ந்த துயரத்தை நாடு அறியும். ஓடுபாதையை விட்டு விலகிய ஒரு கார், பார்த்துநின்ற கூட்டத்துக்குள்ளே பாய்ந்தது. குழந்தை ஒன்று உட்பட 7 பேர் மாண்டனர். எம் மருமகன் அன்று அத்திடலிலே இருந்தான். இரவு வீடு திரும்பியவன் உணவு கொள்ளவில்லை. அடுத்த நாள் யாம் வண்டியைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தபோது, "பந்தயம் வேறு, பாதை வேறு, மாமா. நான் வேகமாய் ஓடுவதில்லை" என்றான். அது மெய்யே, அவன் நிதானமாக ஓட்டுபவன். ஆகையால் யாமும் அப்பேச்சை அவ்வளவில் விடுத்தோம்.

ஆறு மாதங்கள் சென்றன. ஐப்பசி மழை விடாது பெய்த ஓர் இரவு. எம்மிடம் கல்வி பயின்று, இப்போது தோட்டத்திலே வேலை செய்யும் ஒருவன் தொலைபேசியிலே அழைத்தான். மனைவிக்குப் பிரசவ வேதனை முன்னதாகவே கண்டுவிட்டது. நோயாளர் வண்டி பெருவீதி வரையிலே வந்துவிடும்; ஆயினும் மேற்கணக்கு லயத்திலிருந்து பெருவீதிக்கு அவளைக் கொண்டுவந்து சேர்க்க வாகனம் இல்லை. எம் மருமகன் மறுவார்த்தை பேசாமல் காரை எடுத்தான்; யாமும் உடன் சென்றோம்.

மேலே ஏறும்போது காரிலே இருவரே இருந்தோம். அடிப்பாகம் ஈரிடங்களிலே உராய்ந்தது. எனினும் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது அப்பெண்ணும், கணவனும், அவளுடைய தாயாருமாக ஐவரானோம். லயத்துக்குக் கீழே, மழைநீர் கடக்கும் மதகொன்றின் மேற்கல் பாதையின் நடுவே சற்றே எழுந்து நிற்கும். ஊர்ந்துதான் சென்றோம். ஆயினும் பெருஞ் சத்தத்தோடு வண்டி அந்தக் கல்லின்மீது அமர்ந்தது. இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டி பிளந்து, மழைநீரோடு கரிய எண்ணெய் கலந்தோடியது. அப்பெண் அந்த அதிர்ச்சியிலே எழுப்பிய குரல் இன்றும் எம் செவியை விட்டு அகலவில்லை.

லயத்து ஆண்கள் ஓடிவந்தனர். ஒரு நாற்காலியிலே அவளை இருத்தி, படங்குச் சீலையால் மூடி, நால்வர் மாறி மாறிச் சுமந்து, இருளிலும் மழையிலும் பெருவீதிக்குக் கொண்டுசென்றனர். காரிலே பத்து நிமிடத்திற் கடக்கக்கூடிய வழி, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. இறைவன் அருளால் நோயாளர் வண்டி காத்திருந்தது. விடியுமுன் ஆண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் நாற்காலி சென்ற பின், கைவிளக்கோடு எம்முடன் நின்ற முதியவர் ஒருவர், காரின் அடியை எட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டரு, முந்தியெல்லாம் இந்தக் காரு இந்தக் கல்ல ஒரசாமப் போகுமே?" என்று கேட்டார். அதற்கு எம்மிடத்திலும் விடை இல்லை. எம் மருமகனிடத்திலும் விடை இல்லை.

மறுநாட் காலையிலே அவனாகவே வந்தான். "மாமா, வில்லை மாற்றுவோம். ஆனால் பழையபடி வளைவெல்லாம் சாய்ந்து சாய்ந்து ஆடுகிற வண்டியும் எனக்கு வேண்டாம். எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்" என்றான். "சொல்லமாட்டோம்; அளப்போம்" என்றோம். ஓர் அடிமட்டமும், நூலிலே கட்டிய குண்டும், ஒரு கொப்பியும் எடுத்துக்கொண்டோம். எமக்கு மீண்டும் பதினாறு வயதாயிற்று.

முதலாவது வினா: வண்டியைத் தாழ்த்துவதால் உண்மையிலே பயன் உண்டா? உண்டு. வண்டி வளைவிலே திரும்பும்போது உட்புறச் சில்லுகளின் பாரம் வெளிப்புறச் சில்லுகளுக்கு மாறுகின்றது. ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு இம்மாற்றமும் மிகும். 800 கிலோகிராம் வண்டி. சில்லுகளின் இடைவெளி 135 சதமமீற்றர். ஈர்ப்பு மையம் 54 சதமமீற்றர் உயரத்தில் என்று கொள்வோம். புவியீர்ப்பின் பாதியளவு பக்கவிசையோடு அது திரும்பினால், 160 கிலோகிராம் பாரம் மாறும். வண்டியை 3 சதமமீற்றர் தாழ்த்தினால் அது 151 ஆகக் குறையும். ஆக, இவ்வளவு ஆரவாரத்தினால் கிடைக்கும் ஆதாயம் 9 கிலோகிராம். ஒரு கைப்பெட்டியின் நிறை. பந்தயக்காரனுக்கு அது பெரிது; வங்கிக்குப் போய் வருபவனுக்குச் சிறிது. வண்டி சாயாமல் நிற்பதற்குப் பெருங் காரணம் தாழ்வன்று. வில்லின் கடினமும் அதிர்வடக்கியின் நலமுமே.

மேலும், இக்காரின் முன்புறத்திலே இருப்பது மக்பர்சன் என்னும் பொறியியலாளர் பெயரால் வழங்கும் தாங்கி அமைப்பு. அதிலே வண்டியை மிகத் தாழ்த்தினால், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கின்றதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட விரைந்து கீழிறங்கும். இரண்டுக்குமிடையே தூரம் கூட, வண்டி முன்னையினும் அதிகமாகச் சாய முற்படும். தாழ்த்தத் தாழ்த்த நன்மை என்பது தவறு என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது வினா: வில் அமுங்குவதற்கு எவ்வளவு இடம் உண்டு? பழைய வில்லோடு நின்ற இதே இனக் கார் ஒன்றை நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்று அளந்தோம். சாரதி மட்டும் இருக்கும்போது, இறுதி ரப்பர்த் தாங்கியை முட்டுமுன் 80 மில்லிமீற்றர் இடம் இருந்தது. மேலும் மூவரும் பொதியும் ஏறியபோது வண்டி 40 மில்லிமீற்றர் தாழ்ந்தது, மிச்சம் 40. இப்போது 40 மில்லிமீற்றர் தாழ்த்திய வண்டியை எண்ணிப் பாருங்கள். வில் கடினமாகாவிடின் மிச்சம் யாதுமில்லை. எம் அறுத்த வில்லின் கணக்கும் அதுவே: தாழ்ந்தது 50, கடினம் கூடியதால் ஆட்கள் ஏறித் தாழ்ந்தது 30, கூட்டினால் 80. அன்றிரவு அந்தப் பெண் வில்லின்மேல் இருந்து வரவில்லை. ரப்பர்க் கட்டையின்மேல் இருந்து வந்தாள். மயிற்பீலியேயாயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சைக் கெடுக்கும் என்று வள்ளுவப் பெருந்தகை வலியறிதலிலே எச்சரித்ததை யாம் வகுப்பறையிலே எத்தனை முறை விளக்கியிருப்போம்!

மூன்றாவது வினா: ஏறியிருப்போர்க்கு இதம் உண்டா? வில் தன் பாரத்தினால் எவ்வளவு அமுங்கி நிற்கின்றது என்று தெரிந்தால், அது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று கணிக்கலாம். 250 மில்லிமீற்றர் அமுங்கி நின்றால் நொடிக்கு ஒருமுறை. 62 மில்லிமீற்றரானால் இருமுறை. மனிதன் நடக்கும்போது அவனுடல் நொடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு முறை ஏறி இறங்குகின்றது. அந்த ஆட்டத்துக்கு நம் உடல் பழகியது. எமது கார் ஆதியிலே ஏறத்தாழ 1.5 முறை ஆடும் இயல்பினது. ஐந்திலொரு பங்கு கடினமான வில் இட்டால் 1.6 ஆகும். இது தாங்கத்தக்கதே. அதற்கு மேற் போகப் போக முதுகெலும்பு முறையிடும்.

நான்காவது, பலரும் மறக்கும் வினா: அதிர்வடக்கி ஈடுகொடுக்குமா? சொக் அப்சோபர் என்று கராஜிலே வழங்கும் இக்கருவிதான் வில்லின் துள்ளலை வெப்பமாக்கி அடக்குகின்றது. வில் கடினமாயின் அதனை அடக்க வலியதோர் அடக்கி வேண்டும். முப்பதாண்டுப் பழைய அடக்கியிலே புதிய வில்லை இடுதல், முரட்டுக் காளையை இற்ற கயிற்றாற் கட்டுவது போலாம். வண்டியைத் தூக்கிச் சில்லு முற்றாகத் தொங்கும் நிலையிலும் வில் தன் இருக்கையை விட்டு நழுவாதிருத்தல் வேண்டும் என்பதையும் கவனிக்க. எம் அறுத்த வில்கள் அந்நிலையிலே கையால் ஆட்டினால் ஆடின.

இவ்விடத்தே சிறிது விலகிச் செல்ல அன்பர்கள் அனுமதிப்பாராக. நம் முன்னோர் சாதாரண மாட்டு வண்டியினின்றும் பிரித்து, வில் பூட்டிய வண்டிக்கு வில்வண்டி என்றே பெயரிட்டனர். எமது பௌதிக ஆசிரியர் ஓட்டிய மொறிஸ் மைனர் கார், 1948இலே வெளிவந்த இனம். அதன் முன்புறத்திலே சுருள்வில்லே கிடையாது. முறுக்கினால் மீளும் உருக்குக் கோலே அங்கு வில். அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959இலே மினி என்னும் சிறு காரையும் வகுத்தார். அதற்கு அலெக்ஸ் மோல்ற்றன் என்பவர் ரப்பர்க் கூம்புகளை வில்லாக அமைத்துக் கொடுத்தார். வில் என்பது ஓர் உருவமன்று. மீளும் குணமே வில். அந்தக் குணம் போனால் பெயர் மட்டும் மிஞ்சும்.

மீண்டும் எம் கொப்பிக்கு வருவோம். நான்கு வினாவுக்கும் விடை கண்ட பின்னரும், எத்தனை மில்லிமீற்றர் என்பதிலே எமக்கும் மருமகனுக்கும் இணக்கம் ஏற்படவில்லை. பழைய உயரமே வேண்டும் என்றோம் யாம். 40 தாழ்த்தலாம் என்று முதலிலும், 30 என்று பின்னரும் அவன் வாதிட்டான். அப்போது அவனே, "அந்தக் கல்லை அளந்தோமா, மாமா?" என்று கேட்டான். எம் ஆசிரியர் அவ்விடத்திலே இருந்திருப்பின் அவனை மார்போடு அணைத்திருப்பார்.

மேற்கணக்குக்கு நடந்து சென்றோம். மதகின் மேற்கல், இருபுறத்துச் சில்லுத் தடங்களின் மட்டத்திலிருந்து 85 மில்லிமீற்றர் எழுந்து நின்றது. எமது கார் ஆதியிலே நிலத்திலிருந்து 150 மில்லிமீற்றர் உயரம். 20 தாழ்த்தி, ஐந்திலொரு பங்கு கடினமான வில் இட்டால், ஆட்கள் ஏறியபின் இன்னும் 33 தாழும், எஞ்சுவது 97. கல்லைத் தாண்டும். 40 தாழ்த்தினால் எஞ்சுவது 77. தாண்டாது. 30 தாழ்த்தினால் 87. இரண்டு மில்லிமீற்றரை நம்பி ஒரு கர்ப்பிணியை ஏற்ற முடியாது. "கல்லைக் கிளறி எடுத்துவிட்டால் என்ன?" என்று எம்மை வேடிக்கை பார்த்த சிறுவன் ஒருவன் கேட்டான். அது மதகைத் தாங்கும் கல். அதனை எடுத்தால் அடுத்த மழைக்கு மதகே போய்விடும். அன்றியும், மலைநாட்டிலே ஒரு கல்லை எடுத்தால் மழை வேறொரு கல்லைக் கொண்டுவந்து வைக்கும். எனவே, எம் வில்லைத் தெரிந்தெடுத்தது யாமுமல்லேம், மருமகனுமல்லன், அந்தக் கல்லே.

பின்னர்க் கொழும்புக்குப் பயணமானோம். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தையை மிஞ்சிய இடம் இத்தீவிலே இல்லை. ஜெர்மனியின் எய்பாக், யப்பானின் ரெயின் முதலிய பெயர்பெற்ற நிறுவனங்கள், காரின் இனத்துக்கும் ஆண்டுக்கும் ஏற்ப வகுத்த தாழ்வில்களைச் செய்கின்றன. மரையைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க அமைப்பும் உண்டு. அதன் விலை எம் எல்லைக்கு அப்பாற்பட்டது. சுற்றுக்கள் சம இடைவெளியில் அமைந்த வில்லுக்கு எந்நிலையிலும் ஒரே கடினம். ஒருபுறம் நெருங்கி மறுபுறம் விரிந்த வில்லோ, முதலில் மெத்தென்றும் போகப்போகக் கடினமாயும் அமுங்கும். ஆளேறாத நாளும் ஆளேறிய நாளும் ஆகிய இரண்டுக்கும் உதவ வேண்டிய எமக்குப் பின்னதே பொருந்தியது.

யப்பானிலே பாவித்துக் கழித்த வில்களும் அங்கே மலிவாகக் கிடைத்தன. அவற்றிலே ஒரு சோடியின் வண்ணப்பூச்சு உரிந்து, கீழ்ச் சுற்றிலே துரு அரித்திருந்தது. அரித்த இடத்திலேதான் வில் முறியும். ஆகவே புதியனவே வாங்கினோம்: 20 மில்லிமீற்றர் தாழ்த்தும் வில் நான்கு, அவற்றுக்கு ஏற்ற அதிர்வடக்கி நான்கு, புதிய ரப்பர்த் தாங்கிகள். மருமகனின் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. எம் ஓய்வூதியத்திலிருந்தும் ஒரு பங்கு கொடுத்தோம். "அழகாய்த்தான் இருக்கிறது" என்று சொன்ன வாய்க்கு அது தண்டம்.

பண்டாரவளையிலே நல்லதொரு பாஸ், வில்லை அமுக்கும் கருவியைக் கொண்டு நிதானமாக அவற்றைப் பூட்டினார். வண்டி தாழ்ந்தால் சில்லின் சாய்வும் நேரும் மாறும். மாறினால் ரயரின் உட்பக்கம் மட்டும் தேயும். ஆதலால் சில்லு நேர்ப்படுத்தலையும், முன்விளக்கின் நோக்கையும் சரிபார்த்தோம். காப்புறுதிக்காரர்க்கும் எழுத்திலே அறிவித்தோம். அறுத்த வில்களை அந்தப் பாஸ் விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. ஒன்று எம் மேசையின்மேல் கடிதங்கள் பறவாதிருக்கும் பாரமாக இருக்கின்றது.

எம் பிழை ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ளல் முறை. பழைய உயரமும் பழைய வில்லுமே சாலும் என்று யாம் பிடிவாதம் பிடித்தோம் அல்லவா? 2025 ஆடி மாதத்திலே கதிர்காமம் சென்று மீண்டோம். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் வளைவுகளிலே எம் மனைவியார் தலைசுற்றி வாந்தியெடுக்காத பயணம் முன்னர் ஒன்றேனும் இருந்ததில்லை. அன்று வண்டி வளைவுக்கு வளைவு ஊஞ்சலாடவில்லை, நின்று திரும்பியது. இராவணன் நீர்வீழ்ச்சியண்டை வண்டியை நிறுத்தி, "உமக்கு ஒன்றும் செய்யவில்லையா?" என்று வினவினோம். "இல்லை, சோளம் வாங்கித் தாருங்கள்" என்றார். மருமகன் சிரித்தான். அவனுடைய ஆசையிலும் ஓர் உண்மை இருந்தது. எமது கணக்கிலும் ஓர் உண்மை இருந்தது. இரண்டையும் அளவுகோல் ஒன்றே இணைத்து வைத்தது.

அவ்வாண்டு ஐப்பசியிலே, அன்று மழையிலே பிறந்த குழந்தைக்கு முதலாண்டு நிறைந்தது. கோயிலுக்குக் கொண்டுசெல்லக் காரை அழைத்தனர். தந்தையும் தாயும் பாட்டியும் குழந்தையும் ஏற, வண்டி மேற்கணக்கிலிருந்து இறங்கியது. மதகை அணுகியபோது காரினுள்ளே பேச்சு அடங்கியது. மருமகன் ஊர்ந்து சென்றான். முன்சில்லு தாண்டியது, பின்சில்லும் தாண்டியது. ஓர் உராய்வுச் சத்தமும் எழவில்லை. பாட்டியார் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்; கோயிலையா கல்லையா என்று யாம் கேட்கவில்லை.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணவர்க்கு யாம் சொல்ல விழைவது சிறிதே. ஆய்வுகூடத்திலே நீங்கள் வில்லிலே நிறைப்படி தொங்கவிடும்போது, அது பரீட்சைக்கான சடங்கு என்று எண்ணாதீர்கள். என்றோ ஒருநாள், எங்கோ ஒரு மலைப்பாதையிலே, அந்தக் கணக்கின்மேல் ஓர் உயிர் ஏறியிருக்கும். வண்டியின் அழகை முற்றத்திலே நின்று பார்த்தால் மட்டும் போதாது. அது எந்தக் கல்லைக் கடக்கவேண்டும் என்றும், யாரைச் சுமக்கவேண்டும் என்றும் முதலிலே கேளுங்கள். அளந்த பின்னர் பேசுங்கள். பேசவேண்டிய இடத்திலே, அன்பு காரணமாகவேனும், வாய்மூடி இராதீர்கள்.

எமக்கு அளக்கக் கற்பித்த ஆசிரியப் பெருமக்களை வணங்கி, எமது கல்லூரித் தாய் மேலும் பல விழாக்கள் கண்டு நீடு வாழ்க எனப் பண்டாரவளைக் குன்றிலிருந்து வாழ்த்தி அமைகின்றோம்.